நூறு ஏக்கர்காரருக்கு வரி போட முடியுமா?

கேள்வி இதுதான்: மாதச் சம்பளக்காரரிடம் பணம் கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடித்துவிடுகிறார்கள், நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் வைத்திருப்பவர் எதுவும் கட்டுவதில்லை. பெரிய தனியார் நிலங்களுக்கு என்று தனியாக ஒரு வரி போட்டால் என்ன? சட்டம் இடம் கொடுக்காதா? வேறு நாட்டில் யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

முடியும். எப்படிப் போட்டால் நீதிமன்றத்தில் நிற்கும், எப்படிப் போட்டால் நிற்காது, யாருக்கு அதிகாரம், எந்தக் கணக்கில் போடலாம் என்ற எல்லாவற்றுக்கும் 1960க்கும் 1972க்கும் நடுவிலேயே இந்தியாவில் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் வரி வரவில்லை என்றால் காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் “எதுவும் கட்டுவதில்லை” என்பதைச் சரிசெய்துகொள்வோம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிஸ்தி கட்டுகிறோமே, அதுதான் நிலவரி. ஒரு காலத்தில் அது லேசான வரி அல்ல. விவசாயியிடமே அரசு நேராக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நிகர விளைச்சலில் பாதி அரசுக்கு என்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் மாகாணத்தின் கணக்கு. அந்தத் தீர்வையை ரூபாயில் எழுதிவைத்தார்கள்; விலைவாசி ஏற ஏற அது கரைந்துபோய், இன்று ஏக்கருக்குச் சில ரூபாய் என்ற அளவில் நிற்கிறது. வருடாவருடம் கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் கணக்கு முடிக்கிற செலவுக்காவது அது கட்டுப்படியாகுமா என்பதே சந்தேகம்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதும் ஆதியிலிருந்தே இருந்த விதி அல்ல. 1860இல் இந்தியாவில் வருமான வரி வந்தபோது விவசாய வருமானமும் அதில் இருந்தது. 1865 வரையும், பிறகு 1869 முதல் 1873 வரையும் வசூலித்தார்கள். 1886 சட்டம்தான் நிரந்தரமாக விலக்கு கொடுத்தது. நிலவரியை ஏற்கெனவே கறாராக வாங்குகிறோம், அதன்மேல் இன்னொன்று வேண்டாம் என்பது அன்றைய நியாயம். நிலவரி கரைந்துபோயிற்று, விலக்கு மட்டும் தங்கிவிட்டது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவில் அது இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் இருக்கிறது.

அரசியல் சாசனப்படி விவசாய வருமானத்துக்கு வரி போடுகிற அதிகாரம் மாநிலங்களுக்கு மட்டுமே. 1935 இந்திய அரசுச் சட்டத்திலேயே இந்தப் பிரிவினை வந்துவிட்டது. முதலில் பயன்படுத்திய மாகாணம் பீகார், 1938இல். இங்கே 1955இல் சென்னை மாநிலம் சட்டம் போட்டது, முதலில் தோட்டப்பயிர்களுக்கு. ஆனால் எல்லா மாநிலங்களிலும் நடைமுறை ஒன்றுதான்: தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களிடம் கணக்குப் புத்தகம் இருந்ததால் அவர்களிடம் வசூலித்தார்கள், நெல்லும் கரும்பும் போட்ட பெரிய பண்ணைகளை அவ்வளவாகத் தொடவில்லை.

ஒன்றிய அரசு சுற்றுவழியில் ஒரு சிறு வேலை செய்கிறது. உங்களுக்கு வேறு வருமானமும் இருந்து, அது வரிக்கு உட்படும் அளவைத் தாண்டினால், விவசாய வருமானத்தையும் கூட்டிப் பார்த்து எந்த விகிதப் படியில் வருகிறீர்கள் என்று முடிவு செய்வார்கள். 1973இல் வந்த ஏற்பாடு இது. விவசாயம் மட்டுமே செய்து ஒரு கோடி சம்பாதிப்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. ஆசிரியர் வேலையோடு இரண்டு ஏக்கர் பார்ப்பவருக்குத்தான் பொருந்தும். வேடிக்கையான ஏற்பாடு!

சரி, அப்படியானால் விவசாய வருமானத்துக்கே நேராக வரி போட்டுவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விவசாயத்தில் வரவு செலவு பெரும்பாலும் ரொக்கம், ரசீது கிடையாது. இப்போது விலக்கு இருப்பதால் கறுப்புப் பணத்தை விவசாய வருமானமாகக் காட்டுகிறார்கள். சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை, சோதித்துப் பார்த்த விலக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியான ஆவணம் இல்லாமலே அனுமதித்திருந்ததைக் காட்டியது. நாளைக்கே வரி போட்டால் அதே ஆட்கள் தலைகீழாக நஷ்டக் கணக்கு எழுதுவார்கள். அது போக, வருமான வரி விளைவிப்பவரைத்தான் பிடிக்கும். இருநூறு ஏக்கரை வேலிகட்டித் தரிசாகப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு வருமானம் பூஜ்யம், ஆகவே வரியும் பூஜ்யம்.

அதனால்தான் வரி நிலத்தின்மேல் இருக்க வேண்டும், விளைச்சலின்மேல் அல்ல. வருமானத்தை மறைக்கலாம், நிலத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

எந்த மாதிரி வரி செல்லும் என்பதற்குக் கேரளத்தில் நடந்த வழக்கு நல்ல பாடம். 1955இல் திருவிதாங்கூர்–கொச்சி அரசு ஒரு நிலவரிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அதை மலபாருக்கும் நீட்டித்தார்கள். எந்த நிலமானாலும் ஒரே விகிதம்: ஏக்கருக்கு 2 ரூபாய். மன்னார்க்காடு பகுதியில் ஏறத்தாழ 25,000 ஏக்கர் காடு வைத்திருந்த மூப்பில் நாயர் உச்ச நீதிமன்றம் போனார். அந்தக் காட்டிலிருந்து அவருக்கு வருடத்துக்குக் கிடைத்தது 3,100 ரூபாய். கட்டச் சொன்ன வரி 54,000 ரூபாய்க்கு மேல். நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. பெரிய நிலக்காரருக்கு நீதிமன்றம் சாய்ந்தது என்று இந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. நல்ல நஞ்சை, பாறைக்காடு, ரப்பர் தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போட்டால் அது சமத்துவம் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். பரப்பை மட்டும் அளந்து வரி போடாதே, மதிப்பைப் பார் என்கிறது.

மதிப்பைப் பார்த்துப் போட்டால் செல்லுமா? அதற்கான பதில் சென்னையிலிருந்தே போனது. 1966இல் தமிழக அரசு நகர்ப்புற நிலவரிச் சட்டம் போட்டது: நகர நிலத்தின் சந்தை மதிப்பில் 0.4 சதவீதம் வருடாந்திர வரி. கட்டடம் இருக்கிறதா, வாடகை வருகிறதா என்ற கேள்வியே கிடையாது. நிலம் இருந்தால் வரி. பெரம்பூரில் பரந்து கிடந்த பின்னி மில், அதாவது பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் கம்பெனி, வழக்குப் போட்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. மாநிலங்கள் சட்டம் போடக்கூடிய விஷயங்களை அரசியல் சாசனம் அடுக்கியிருக்கும் மாநிலப் பட்டியலின் 49ஆம் இனம் ‘நிலங்கள், கட்டடங்கள் மீதான வரிகள்’. சந்தை மதிப்பு அந்த வரியை அளக்கும் ஓர் அளவுகோல் மட்டுமே, அதனால் இது ஒன்றியத்தின் சொத்து வரி (ஒருவருடைய மொத்தச் செல்வத்துக்குப் போட்ட வரி; நகராட்சிக்கு வீட்டுக்காகக் கட்டுவது அல்ல) ஆகிவிடாது என்று சொன்னது. நிலத்துக்கு மதிப்பின் அடிப்படையில் வருடாந்திர வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பது இதோடு தெளிவாகிவிட்டது. நகரத்துக்குச் செல்லுபடியான அதிகாரம் கிராமத்துக்கும் செல்லும். 49ஆம் இனத்தில் நகரம், கிராமம் என்ற பேதம் இல்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு நிலத்தையும் தனித்தனி அலகாக வைத்து வரி போடுவது 49ஆம் இனத்துக்குள் வரும். ஒருவருடைய மொத்தச் சொத்தையும் கூட்டி, கடனைக் கழித்து, மிச்சத்துக்கு வரி போடுவது வேறு சமாசாரம் என்று நீதிமன்றம் பிரித்து வைத்திருக்கிறது. சட்டத்தை எழுதுபவர் இந்தக் கோட்டைப் பார்த்து நடக்க வேண்டும்.

ஒன்றிய அரசால் முடியுமா என்பதற்கும் தீர்ப்பு இருக்கிறது. 1969 நிதிச் சட்டத்தில் சொத்து வரிக்குள் விவசாய நிலத்தையும் கொண்டுவந்தார்கள். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1971இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், செல்லும் என்றது. ஆக மாநிலமும் போடலாம், ஒன்றியமும் சொத்து வரி வழியாகப் போடலாம். இவ்வளவு போராடி ஜெயித்த வரியை என்ன செய்தார்கள் தெரியுமா? 1980களின் தொடக்கத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். 2015இல் சொத்து வரியையே எடுத்துவிட்டார்கள்.

இந்த வரிசையில் கடைசி, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது, 1972இல் வந்த, பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் தலைமையிலான குழுவின் அறிக்கை. விவசாயச் செல்வத்துக்கும் வருமானத்துக்கும் எப்படி வரி போடுவது என்று ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழு. அவர்கள் சொன்னது ‘வேளாண் நில உடைமை வரி’. ஒவ்வொரு விவசாயியிடமும் கணக்குக் கேட்காதே. பகுதி வாரியாக, பயிர் வாரியாக, ஒரு ஹெக்டேர் சாதாரணமாக எவ்வளவு தரும், செலவு போக என்ன மிஞ்சும் என்று ஒரு மதிப்பைக் கணக்கிட்டு வை. ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் நிலத்துக்கெல்லாம் அதைக் கூட்டு. 5,000 ரூபாய்க்குக் கீழே வந்தால் விட்டுவிடு. அதற்கு மேலே போனால், மதிப்பு எத்தனை ஆயிரமோ அதில் பாதிதான் வரி சதவீதம்.

கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மதிப்பு 10,000 என்றால் 5 சதவீதம், 500 ரூபாய். 20,000 என்றால் 10 சதவீதம், 2,000 ரூபாய். 40,000 என்றால் 20 சதவீதம், 8,000 ரூபாய். உடைமை இரண்டு மடங்கானால் வரி நான்கு மடங்கு. இதில் இன்னொரு அழகும் உண்டு. மதிப்பு பகுதிக்கு ஒன்றாக நிர்ணயித்தது. நீங்கள் பாடுபட்டு அதற்கு மேல் எடுத்தால் அது முழுக்க உங்களுக்கு. தரிசாகப் போட்டாலும் வரி அதே வரி.

எந்த மாநிலமும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அறிக்கையின் ஓரத்தில் கிடந்த ஒரு யோசனை மட்டும், நான் மேலே சொன்ன அந்த ஆசிரியருக்குப் பொருந்துகிற ஏற்பாடு, 1973இல் சட்டமாயிற்று.

ஏன் என்று கேட்டால், அதே 1972இல் கோயம்புத்தூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தையே நிறுத்தினார்கள். அந்தக் கோரிக்கைக்கு நியாயம் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதற்கே இந்த எதிர்ப்பு என்றால் நில உடைமை வரிக்கு என்ன வரும் என்று எந்த முதலமைச்சருக்கும் புரிந்திருக்கும். பஞ்சாபிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் பசுமைப் புரட்சியில் வளர்ந்த நிலக்காரர்களுக்குச் சட்டமன்றத்தில் செல்வாக்கு அதிகம். வரி அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது என்றால், வரி கட்ட வேண்டியவர்களிடமே இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய நிலக்காரருக்கு வரி என்று பேச்செடுத்தாலே, ‘ஏழை விவசாயி வயிற்றில் அடிக்கிறார்கள்’ என்ற குரல் வரும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி நிலவுடைமை 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். 10 ஹெக்டேருக்கு மேல் இருப்பவை மொத்த உடைமைகளில் 0.57 சதவீதம்தான், ஆனால் பரப்பில் ஏறத்தாழ 9 சதவீதம் அவர்களிடம். வரம்பை 10 ஹெக்டேரில் வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை வரி தீண்டவே தீண்டாது. (இந்தக் கணக்கெடுப்பு யார் சாகுபடி செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறது, யார் பேரில் பட்டா என்பதை அல்ல.)

இனி வெளிநாடு. நியூசிலாந்துதான் சரியான உதாரணம். 1891இல் அங்கே லிபரல் கட்சி அரசு, நிலத்துக்கு வரி போட்டதோடு, மேம்பாடு நீக்கிய மதிப்பு 5,000 பவுண்டைத் தாண்டினால் படிப்படியாக ஏறும் கூடுதல் வரியும் போட்டது. வீடு, வேலி, கிணறு போன்ற உழைப்பின் மதிப்பைக் கழித்துவிட்டு வெறும் நிலத்துக்கு மட்டும். மதிப்பீட்டில் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்கள் வைத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அரசின் மதிப்பு அதிகம் என்று நினைக்கும் உடைமையாளர், ‘என் மதிப்பை ஏற்றுக்கொள், இல்லையென்றால் அந்த விலைக்கு நீயே வாங்கிக்கொள்’ என்று கேட்கலாம். தென் தீவில் 84,755 ஏக்கர் செவியட் பண்ணை. அரசு மதிப்பு 3,04,826 பவுண்டு. பண்ணையின் அறங்காவலர்கள் 2,60,220 பவுண்டுதான் பெறும் என்றார்கள். 1893இல் அரசு, சரி, அந்த விலைக்கே கொடு என்று வாங்கிவிட்டது. ஆட்டு மந்தை மேய்ந்த ஒற்றைப் பண்ணை, பல குடும்பங்களின் பண்ணைகளாகப் பிரிந்தது.

இந்த வரியால் மட்டும் அங்கே பெரிய பண்ணைகள் உடைந்தன என்று சொன்னால் மிகை. தனியாக நிலம் வாங்கிக் குடியேற்றும் சட்டமும் போட்டார்கள். குளிர்பதனக் கப்பல் வந்ததால் சிறு பண்ணையிலும் லாபம் கிடைத்தது. வரி, விற்கலாமா வேண்டாமா என்று யோசித்தவரை விற்க வைத்தது. ஆஸ்திரேலியா 1910இல் இதையே தேசிய அளவில் செய்து 1952 வரை வைத்திருந்தது. உள்நாட்டில் வசிப்பவருக்கு 5,000 பவுண்டு வரை விலக்கு, வெளிநாட்டில் உட்கார்ந்து குத்தகை வாங்குபவருக்கு விலக்கே இல்லை. பிரிட்டனில் அன்றைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1909இல் நிலமதிப்பு உயர்வுக்கு 20 சதவீதம் வரி என்று கிளம்பி, பிரபுக்கள் சபையோடு பெரிய அரசியல் சண்டையே நடத்தினார். ஆனால் நாடு முழுக்க மதிப்பீடு செய்கிற செலவுகூடத் திரும்பி வராமல், 1920இல் அவர் பிரதமராக இருந்தபோதே அந்த வரியை எடுத்துவிட்டார்கள். விற்கும்போது மட்டும் வரி என்றால் விற்காமல் இருந்துவிடுவார்கள். வருடா வருடம் என்றால்தான் உறைக்கும்.

நம் ஊரில் இன்று செய்வதானால் மதிப்பீடு அவ்வளவு கஷ்டம் இல்லை. பதிவுத்துறையிடம் சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயித்த நில மதிப்பு, இருக்கிறது. அது அரசியல் காற்றுக்கு ஏறி இறங்கும்: 2017இல் ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் பழையபடி ஏற்றினார்கள். இருந்தாலும் தொடங்குவதற்குப் போதும்.

கஷ்டம், ஒருவருடைய நிலத்தையெல்லாம் ஒரே பேரில் கூட்டுவதில்தான். நில உச்சவரம்புச் சட்டம் பட்ட பாடு தெரியுமே. 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர், 1970இல் அதை 15 ஆக்கினார்கள். மனைவி பேர், மைத்துனர் பேர், அறக்கட்டளை பேர் என்று பிரித்து எழுதிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். தர ஏக்கர் என்பதும் தீர்வையை வைத்து அளப்பது, அதனால் மானாவாரிப் புஞ்சையில் சட்டப்படியே பல மடங்கு வைத்துக்கொள்ளலாம். பதினைந்து என்று சட்டம் சொல்லும் மாநிலத்தில் நூறு ஏக்கர்காரர் இருப்பது இப்படித்தான்.

வரியிலும் இதே வேலை நடக்கும். ராஜ் குழுவின் கணக்கையே எடுங்கள்: 40,000 மதிப்புள்ள உடைமையை நாலு பேரில் 10,000, 10,000 ஆகப் பிரித்தால் 8,000 ரூபாய் வரி 2,000 ஆகிவிடும். உண்மையிலேயே நாலு பேருக்கு விற்றால் சந்தோஷம், வரியின் நோக்கமே அதுதான். காகிதத்தில் மட்டும் பிரித்தால்தான் தலைவலி. இப்போது விவசாயிகளுக்கு ஆதாரோடு நிலத்தை இணைத்து அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆனால் மானியம் வேண்டும் என்பவர்தான் வரிசையில் வந்து பதிவார். ஐந்நூறு ஏக்கர் கம்பெனிக்குப் பி.எம். கிசான் ஆறாயிரம் எதற்கு?

குத்தகைக்காரர் தலையில் இந்த வரியை ஏற்றிவிட மாட்டார்களா என்ற பயமும் நியாயமானதே. சந்தை தாங்குகிற முழுக் குத்தகையை ஏற்கெனவே வாங்குகிற இடத்தில் இதற்கு மேல் ஏற்ற முடியாது, அதனால் வரி நிலக்காரரிடமே நிற்கும். ஆனால் காவிரி டெல்டாவில் தலைமுறையாகப் பழக்கத்தில் வந்த குத்தகை சந்தை விலையைவிடக் குறைவு, பெரும்பாலும் வாய்மொழி. அங்கே ‘அரசு வரி போட்டுவிட்டது’ என்று சொல்லி ஏற்றுவதற்கு இடம் இருக்கிறது. குத்தகைப் பதிவேட்டை ஒழுங்காக்காமல் டெல்டாவில் இந்த வரியைத் தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம், கம்பெனிகள் பேரில் சும்மா கிடக்கும் நிலத்தில். உச்சவரம்புச் சட்டத்தின் 37-ஏ பிரிவின் கீழ், வரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள அரசு தொழில் நிறுவனங்களுக்கு அனுமதி தரலாம். அனுமதி தந்த கோப்பில் யார், எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர் என்று எல்லாம் இருக்கும். பினாமியைத் தேட வேண்டாம், கூட்டல் கணக்கும் முடிந்த கணக்கு. அந்த நிலத்தில் சொன்ன தொழிலைத் தொடங்காதவர்களுக்கு வழிகாட்டி மதிப்பில் ஒரு சதவீதம், வருடம் தாண்டத் தாண்டக் கூடுதலாக என்று போட்டால், எந்த விவசாயியின் பெயரையும் கேடயமாகத் தூக்க முடியாது.